படிச்சிட்டுத்தான் வந்தனான்

புத்தூர்த் தோட்டக்காரர் குடும்பத்து உதயகலா, ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாதி. சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் அங்கே வந்திறங்கியதும், "பாத்துப் பாத்துப் பழகுங்கோ" என்றார் முகாமையாளர்.

"குத்திப் பழக நோயாளி என்ன வாழைத்தண்டோ, சேர்? முறையாப் பழக்குங்கோ, பிறகு தொடுறம்" என்றாள் உதயகலா.

"அப்ப நீர் வீட்டை போகலாம்."

உதயகலா தன் பையை எடுத்தாள். கூட வேலை செய்த பத்துத் தாதியரும், "அப்ப நாங்களும் போறம்" என்று அவளோடு வெளியேறினார்கள்.

மூன்றாம் நாள் முகாமையாளர் இறங்கி வந்தார். சம்பளத்தோடு மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரமாக இருந்த வேலையும் எட்டாகக் குறைந்தது.

பயிற்சி முடிந்து முதல் நோயாளியாக வந்த சோமசேகரம், "பிள்ளைக்கு உது தெரியுமோ?" என்று இயந்திரத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"ஓம் ஐயா, படிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றாள் உதயகலா. ஊசி முதல் முறையிலேயே சரியாக ஏறியது.