சாக்கடையும் நாகரிகமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தால் இந்த வாரம் பத்தி வராது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், லாசால் பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் எங்கள் தமிழர் கூட்டம். மாதம் ஒரு முறை கூடுவோம் — இட்லி, காபி, கையோடு ஒரு சொற்பொழிவு. இந்த முறை பேசியவர் ஒரு டாக்டர். மதராஸ்காரர். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் அபார்ட்மென்ட் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். தலைப்பு: 'ஆற்றங்கரை நாகரிகங்கள்'.

ஸ்லைடு போட்டுக் காட்டினார். நைல், யூப்ரடீஸ், சிந்து... ஆறு வண்டலைக் கொண்டுவந்தது. வண்டலில் தானியம் விளைந்தது. மிஞ்சிய தானியத்தை நம்பி நகரம் எழுந்தது. எல்லாம் சரி. மொஹஞ்சதாரோ வந்ததும் மனிதருக்குக் குரலே மாறிவிட்டது.

"பாருங்க சார் இந்தச் சாக்கடையை! செங்கல்லாலே கட்டி, மேலே மூடி போட்டு... வீட்டுக் குளியலறைத் தண்ணி நேரா தெருச் சாக்கடைக்குப் போயிடும். உள்ளே ஒரு சொட்டு தங்காது!"

கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

"கேள்வி ஏதாவது?" என்றார்.

சரோஜா எழுந்தாள். திருச்சிப் பெண். கணவன் இங்கே ஆராய்ச்சி மாணவன். டாக்டரின் கட்டடத்தில்தான், தரைக்குக் கீழே இருக்கும் ஃபிளாட்டில் குடியிருக்கிறார்கள்.

"டாக்டர், நம்ம பில்டிங்ல டிரெயின் அடைச்சுக்கிட்டு, மேல் வீட்டு அழுக்குத் தண்ணியெல்லாம் எங்க ஹால்ல வந்து நிக்குது. பில்டிங்கைப் பாத்துக்கற பிரெஞ்சுக்காரன்கிட்ட சொன்னா, தினமும் 'தெமான், மதாம்'ங்கறான். தெமான்னா நாளைக்காம்; அவனோட நாளைக்கு வரவே மாட்டேங்குது. குழந்தை தவழற வயசு, எங்கே இறக்கி விடறது? போன் பண்ணினா நீங்க எடுக்கறதில்லை. அதான் இங்கே கேக்கறேன்."

டாக்டர் முகம் சிவந்தது.

"ஏம்மா, நாலு பேர் சாப்பிடற இடத்துலே சாக்கடையைப் பத்திப் பேசறது நாகரிகமா?"

சத்தியமாக அந்த வார்த்தையைத்தான் சொன்னார். நாகரிகம்!

அதைவிடக் கொடுமை, முன்வரிசை இன்ஜினீயர்களும் புரொபசர்களும் தலையாட்டியது. "படிச்ச பொண்ணு, இடம் தெரிஞ்சு பேச வேண்டாமோ?" என்று ஓர் அம்மாள் வேறு.

எனக்கு மெதுவாகப் பேச வராது. எழுந்தேன்.

"டாக்டர், இவ்வளவு நேரம் நீங்க எதைப் பத்திப் பேசினீங்க? சந்தனத்தைப் பத்தியா?"

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "அது ஹிஸ்டரி சார். இது பர்சனல்" என்றார். உடனே யாரோ, "காபி ஆறுது, வாங்க வாங்க" என்று எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள்.

எது ஐயா பர்சனல்? முன்பின் தெரியாத ஜனங்கள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு வாழ வந்தார்கள். ஒருவன் வீட்டுக் கழிவு இன்னொருவன் வீட்டுக்குள் போகக்கூடாது என்று யோசித்தார்கள். அங்கேதானே நகரம் என்பதே ஆரம்பிக்கிறது? கோட்டையும் கோபுரமும் அப்புறம்.

புதைந்துபோன சாக்கடையில் ஒரு சௌகரியம் உண்டு — ரிப்பேர் செய்யச் சொல்லி யாரும் வந்து நிற்க மாட்டார்கள். பெருமைப்பட்டுவிட்டு இட்லி சாப்பிடலாம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிரெஞ்சுக்காரன் சரோஜா வீட்டுக் கதவைத் தட்டினானாம். டிரெயினைச் சரிசெய்ய அல்ல. லீஸ் முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இதற்கு மட்டும் 'நாளை' கிடையாது, பாருங்கள்!

சரோஜா கைக்குழந்தையோடு வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். மொஹஞ்சதாரோ பக்கம் போர்ஷன் ஏதாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள்.