வேலிக்கு ஒரு முல்லை

அந்த ரங்கூன் மல்லியை வைக்கும்போதே சொன்னேன், இது நமக்கு அடங்காது என்று. என் வீட்டுக்காரர் கேட்டால்தானே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் தூசி வீட்டுக்குள் வராமல் இருக்க, அடர்த்தியாகப் படருகிற கொடிதான் வேண்டும் என்றார். கம்பெனியில் பெட்டி பிரித்துவிட்டு எறிகிற நீல பிளாஸ்டிக் பட்டைகளைக் கொண்டுவந்து, கம்பி வேலியில் கொடியைக் கட்டிவிட்டார். தூசி என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. கொடிதான் பக்கத்து வீட்டு ஷீட் கூரை வரைக்கும் போய்விட்டது.

வார லீவு வந்தால் ஏணியும் கத்தரியுமாக ஏறிவிடுவார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நிற்பேன். இறங்கிக் கை கழுவியதும், கடையில் வாங்கி வைத்திருக்கும் பூவை அவரே எனக்கு வைத்துவிடுவார். தோள்வலியால் எனக்குக் கை பின்னந்தலைக்கு எட்டாது. ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்பேன்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அழுது முடிப்பதற்குள் கொடி கரண்டுக் கம்பியைத் தொட்டுவிட்டது. லைன்மேன் வந்து, "இன்னாம்மா, கம்பி மேல ஏறிக்கினு கீது. மொதல்ல வெட்டி உடும்மா" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இல்லை என்று கொடிக்கு என்ன தெரியும்? ஆள் வைத்து வெட்டினேன். எல்லாவற்றையும் இழுத்துப் போட்ட பிறகு, வேலியில் அவர் போட்ட முடிச்சுகள் மட்டும் நின்றன. அவிழ்க்க மனசு வரவில்லை.

மொட்டை வேலியைப் பார்க்கச் சகிக்காமல், பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி நர்சரிக்குப் போனேன். என் கைக்கு எட்டுகிற அளவில் நிற்கும் பூங்கொடி கேட்டேன். கடைக்காரர் முல்லையைக் காட்டினார்.

"இது அந்த மாதிரி முரட்டுத்தனமா ஏறாதும்மா. நீங்களே கீழ நின்னுக்கினு கிள்ளி உடலாம். தெனம் தலைக்குப் பூவும் ஆச்சு."

அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "முல்லை இன்னாத்துக்குடி உனுக்கு? அது பூக்கப் பூக்க நீ அழுதுக்கினு இருப்ப. சங்குப்பூ வாங்கிக்கோ. அது சாமிக்குப் போடற பூ, தலையில வெக்கிற பூ இல்ல."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் போனவள் எந்தச் செடி வைக்கலாம் என்பதைக்கூடவா ஊர் முடிவு செய்யும்?

"வேலிக்குத்தான்க்கா வாங்கறேன், என் தலைக்கு இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு முல்லையையே வாங்கிவந்தேன். அவர் விட்டுப்போன பட்டைகளிலேயே கட்டிவிட்டேன்.

முல்லை சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஏணி சுவரோரம் சும்மா கிடக்கிறது. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் செடியாவது கொஞ்சம் அடங்காமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

மழை விட்ட பிறகு ஒரு சாயங்காலம் முதல் முறையாகக் கை நிறைய மொட்டு கிடைத்தது. உட்கார்ந்து தொடுத்தேன். அவர் படத்துக்குப் போடத்தான் தொடுத்தேன், சத்தியமாக. நூலை அறுத்துவிட்டு எழுந்தவள், பழக்கத்தில் ஹேர்பின்னை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றுவிட்டேன். பின்னால் நீட்டிய சரம் என் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை.