காதோடு பேசி ஆடிய இரட்டையர் ஆட்டம்

இன்று சந்திரகிரி டீக்கடை டிவியில் ஆண்கள் இரட்டையர் டென்னிஸ் ஓடியது. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "ஒவ்வொரு பந்துக்கும் காதுல இன்னா சார் பேசிக்கினு கீறானுங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

எழுபதுகளில் நான் சித்தூரில் குமாஸ்தா. மனைவி திருப்பதியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் குடும்பஸ்தன். இடமாற்றம் தர வேண்டிய அதிகாரி ஞானமுத்து சார், திருப்பதிக்கு மாற்றல் கேட்ட என் மனுவைப் பிரித்ததே இல்லை. ஆனால் கிளப் டென்னிஸில் நான்தான் அவருக்கு ஜோடி.

ஒருமுறை அவர் மெட்ராஸில் தொழில்முறை வீரர்களின் இரட்டையர் போட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "இனிமே நாமளும் பாயிண்டுக்குப் பாயிண்டு காதோட பேசணும்" என்று உத்தரவிட்டார். என்ன பேசுவது என்று சொல்லவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அவர் காதருகே போனேன்.

"திருப்பதி ஆபீஸ்ல ஒரு போஸ்ட் காலியா கீதாம் சார்."

"மொதல்ல சர்வீஸப் போடுய்யா."

போட்டேன். வலையில் விழுந்தது. மறுபடியும் போனேன்.

"ஊட்ல அவ தனியா கீறா சார்."

ஏதோ பெரிய வியூகம் என்று எதிரணி எங்களை மரியாதையோடு பார்த்தது. ஒரு கேம்கூட ஜெயிக்காமல் தோற்றோம்.

மறுநாள் காலையே இடமாற்ற ஆணை தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஞானமுத்து சார் சொன்னார்: "நீ திருப்பதிக்கே போப்பா. எனக்கு ஆடத் தெரிஞ்ச ஒருத்தன் வேணும்."

திறமைக்குக் கிடைத்த இடமாற்றம் என்று மனைவியிடம் சொன்னேன். இன்றுவரை திருத்தவில்லை.

ஆட்டத்தில் தோற்று இடமாற்ற ஆர்டர் வாங்கியவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?