ஒரு ஷிஃப்டுக்குப் போட்ட வயர்

மலேசியாவில், சிம்பாங் பூலாயிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலை இருக்கிறது. படிப்பு முடிந்ததும் என் முதல் வேலை அங்கேதான். இரண்டு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, ஈப்போவில் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனிக்கு மாறினேன். வெகு காலம் கழித்து, போன வருடம், அந்தத் தொழிற்சாலை தன் பழைய பேனல்களை மாற்ற முடிவு செய்தது. வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. இடம் தெரிந்தவன் என்று என்னையே அனுப்பினார்கள்.

அங்கே மூன்று ரிடார்ட்டுகள் உண்டு. கறி அடைத்த டின்களைக் கூடையோடு உள்ளே தள்ளி, கதவை இறுக்கி, நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் நீளமான இரும்பு உருளைகள். அவற்றை இயக்கிய கருவிக்கு இப்போது உதிரி பாகமே கிடைப்பதில்லை. ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தொட்டுப் பார்த்து வரைந்துகொண்ட பிறகுதான் எதையும் கழற்ற முடியும்.

மூன்றாம் நாள், இரண்டாம் ரிடார்ட்டின் பேனலில் பழைய வரைபடத்தில் இல்லாத ஒரு வயரைப் பார்த்தேன். விரல் நீளம்தான். ஒரு சுவிட்சின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்திருந்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவுப் பூட்டைத் திறக்க விடாமல் வைப்பது அந்தச் சுவிட்சின் வேலை. இந்த வயர் இருந்தால், உள்ளே அழுத்தமே இல்லை என்று கருவி எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்.

யார் போட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதில் சுற்றியிருந்த டேப்பில் எண் என் கையெழுத்தில் இருந்தது. சுவிட்ச் கெட்டுப்போனபோது, புதியது வரும்வரை ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் என்று சூப்பர்வைசர் சொல்ல, நான் போட்டேன். புதியது வந்ததா என்று பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டேன்.

அந்த ரிடார்ட்டை ஓட்டுபவர் ஓர் அக்கா. தோட்டத்தை விற்றபோது பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் குடிபோன கிறிஸ்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என் காலத்தில் லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தார். கேன்டீனில் பால் விடாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, ரெண்டாம் நம்பர் எப்பவாச்சும் பிரஷர் இருக்கும்போதே தொறந்துச்சா?”

“ஒரு தடவ.” சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வேறு நிறத்தில் மினுங்கியது. “ரெண்டு வாரம் எம்சி, மெடிக்கல் லீவு. நாந்தான் அவசரப்பட்டுத் தொறந்துட்டேன்னு எழுதி வார்னிங் லெட்டர் குடுத்தாங்க.”

“நீங்க அவசரப்படலக்கா. பூட்டு வேல செய்யல. அதுக்கு வயர் போட்டு வச்சது நான்தான்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எப்ப?”

“இங்க வேலய விட்டு நிக்கிறதுக்கு முந்தி.”

“சுவிட்ச் ரோசாக்கு, கெட்டுப்போச்சுன்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டியிருந்தா நான் பாத்துத் தொறந்திருப்பேன்லா.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

“இத மேனேஜருக்கு எழுதிக் குடுப்பியா, தம்பி? என் ஃபைல்ல இன்னும் அந்த லெட்டர் இருக்கு.”

எழுதுகிறேன் என்றேன். ஆனால் அன்று எழுதவில்லை. என் முதலாளியிடம் போனில் சொன்னபோது அவர் சலித்துக்கொண்டார். “பழைய வயரிங்ல கோளாறுன்னு போட்டாப் போதாதா? உன் பேர எதுக்கு இழுக்குற?” அப்படி எழுதினால் பொய்யும் ஆகாது. மறுநாள் காலைவரை அந்த வாக்கியத்தையே வைத்திருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, வயரைப் போட்டது நான், சுவிட்சை மாற்றச் சொல்லாமல் போனதும் நான் என்று எழுதி, வயரின் படத்தோடு மேனேஜருக்கு அனுப்பினேன்.

மேனேஜர் ஒரு சீனர், புதிதாக வந்தவர். இரண்டு முறை படித்துவிட்டு, “இது நீதானா?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே அக்காவைக் கூப்பிட்டு, பழைய கடிதத்தை ரத்து செய்ததாக ஒரு தாள் கொடுத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கம்பெனியில் அடுத்த வேலைக்கு மட்டும் வேறொருவரைப் பொறுப்பாகப் போட்டார்கள்.

புதிய பேனலை ஒப்படைக்கும் நாளில், கொஞ்சம் அழுத்தம் ஏற்றிவைத்துப் பூட்டைச் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆபரேட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

“நீயே இழு.”

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

“இன்னொரு தடவ. பலமா.”

உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். பூட்டு விடவில்லை. மூன்றாவது தடவையும் இழுக்கச் சொன்னார். அதன் பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த கூடையைத் தள்ளிவரப் போனார்.