காற்றை எண்ணியவர்

வழியைத் தலைக்குள் வரைந்து வைத்துக்கொள்ளாத ஒருவர் எப்படி வழி தவறாமல் நடக்கிறார்? அவருக்குள் ஓடுவது கணக்கா, வேறு ஏதாவதா?

தேவதாஸ் பிறவியிலேயே பார்வையற்றவர். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் வீடு, சம்பா கோயில் தேவாலயத்தைத் தாண்டி வலப்பக்கத் தெருவில் அவர் நடத்தும் டெலிபோன் பூத். பதினாறு வருடம் மிஷன் வீதி வழியாகத் தனியாகவே போய்வந்தார். 2004-இல் ஆராய்ச்சி மாணவி பூர்ணிமா, அந்த வழியைக் களிமண்ணில் செய்து காட்டச் சொன்னாள். தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"இது பூத்துக்குப் போற வழியா, இடியாப்பமா?" என்று சிரித்தாள் அவர் மனைவி லினெட்.

பூர்ணிமாவுக்கு மகிழ்ச்சி. மனதுக்கு உள்ளே வரைபடம் தேவையில்லை என்பதுதான் அவள் ஆய்வு. அவரோடு கூடவே நடந்து விதிகளாகக் குறித்துக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் அட்டைத் தெருக்கள் அமைத்து, கடல்காற்றுக்கு மேசை விசிறிகள் வைத்தாள். வரைபடம் இல்லாமல் அந்த விதிகளை மட்டும் ஏற்றிய சின்னத் தானியங்கி வண்டி ஒன்று அங்கே பூத்தைக் கண்டுபிடித்தது.

அவள் நெறியாளர் பேராசிரியர் இராமதாஸ் மசியவில்லை. "உள்ள படம் இல்ல, சரிம்மா. அப்ப அந்த வண்டி போடுறது எதைப் பத்தின கணக்கு?"

அவள் தேவதாஸிடமே போய் விதிகளைப் படித்துக் காட்டினாள். "ஒவ்வொரு குறுக்குத் தெருவுலயும் கடல்காத்து இடது கன்னத்துல படுது, ஏழாவது காத்து பட்டதும் வலப்பக்கம் திரும்புறீங்க. அப்படித்தானே சார்?"

"இவ்ளோ கணக்கா? ஸ்கூல்ல கணக்குல முட்டை வாங்குனவன்மா நான்."

ஆனால் மறுநாள் முதல் காற்றை எண்ணினார். அடுத்த வாரம் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தது, கடல்காற்று எழவில்லை. அப்படிப்பட்ட நாட்களிலும் அதுவரை தவறாதவர், வராத காற்றுக்காக நடுத்தெருவில் நின்றார். குழம்பி ஒதுங்கியபோது மூடியில்லாத வாய்க்காலில் விழுந்தார். அதன்பிறகு லினெட் கையைப் பிடித்துக்கொண்டுதான் பூத்துக்குப் போனார்.

"எம் புருசனுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்துட்டியே, நல்லா இரும்மா," என்றாள் லினெட்.

பூர்ணிமா ஆய்வுக்கூடத்து விசிறிகளை மேல்காற்றுபோலத் திருப்பி வைத்துப் பார்த்தாள். வண்டியும் நடுத்தெருவில் நின்றது. அந்த விதிகள் முன்பு தேவதாஸுடையவையாக இருந்ததே இல்லை, இப்போது ஆகிவிட்டன.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் சார்," என்றாள் தேவதாஸிடம்.

"வேணாம். இருக்கட்டும்."

திங்கட்கிழமை வாசலிலேயே லினெட்டின் கையை விட்டார். பூத்துக்குப் போக, தனியாக ஒருநாளும் நடந்திராத, பூர்ணிமாவின் விதிகளில் இல்லாத, கடைகளும் நெரிசலுமான காந்தி வீதியில் இறங்கினார். இரண்டு மாதம் முழங்காலெல்லாம் காயம்; அதன்பிறகு அந்த வழியிலும் தவறாமல் போய்வந்தார். மிஷன் வீதிக்கு அவர் திரும்பவேயில்லை. லினெட் கேட்டாள், பூர்ணிமா கேட்டாள். காரணத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை.