அக்காவின் வியாழக்கிழமைகள்

நோர்வேயில் காலையில் வேலைக்குப் போனதும் காதில் விழும் முதல் கேள்வி, "சோவெட் கொட்?" நன்றாக நித்திரை கொண்டாயா என்று அர்த்தம். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினேழு வருடங்களாக வேலை செய்கிறேன். மட்டக்களப்பில் எங்கள் சித்தாண்டிப் பக்கம் ஒருவரைக் கண்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். நித்திரையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை, அது அவரவர் பாடு. வந்த புதிதில் இந்தக் கேள்வியை மெய்யென்று நம்பி, கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். நான் வசனத்தைக் கோர்த்து முடிப்பதற்குள் கேட்டவர் கோப்பிக் கோப்பையோடு கதவடிக்குப் போய்விட்டிருப்பார். பிறகு நானும் "யா, தக்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஆம், நன்றி. அதில் ஒரு நாலு வருடங்கள் நான் சொன்னது பச்சைப் பொய்.

அந்த நாலு வருடமும் நான் எழும்பிய விதத்தை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. யாரோ கழுத்தைப் பிடித்து வைத்திருந்து திடீரென்று கையை எடுத்ததுபோல் துள்ளி எழும்புவேன். காற்று உள்ளே வராது. நெஞ்சு அடிக்கிற அடி காதுக்குள் கேட்கும். சேர்ட் தோய்ந்திருக்கும். எங்கே இருக்கிறேன், என்ன கிழமை என்பதெல்லாம் மறந்து, செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். யன்னலைத் திறந்து, தலையைப் பனிக்குள் நீட்டிக்கொண்டு நிற்பேன். நானும் மனைவியும் பிரிந்து ஆறு வருடம். பிரிவதற்கு அவள் சொன்ன காரணங்களில் என் குறட்டை இருக்கவில்லை. இருந்திருந்தால் விஷயம் முன்னமே பிடிபட்டிருக்கும்.

ஒரு நாள் தொலைபேசியில் அக்காவிடம் சொன்னேன். எனக்கு ஒரே ஒரு அக்கா. அம்மாவின் வீட்டில் இருக்கிறாள். நான் சொல்லி முடிக்குமுன்பே அவள் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அமுக்குப் பேய்தான் மனே. தனிய கிடக்கிற ஆளத்தான் அது தேடி வாற. தலகணிக்குக் கீழ இரும்பு வச்சிப் படு."

"இஞ்ச எங்கயக்கா இரும்பு? எல்லாம் பிளாஸ்டிக்."

"அப்ப நான் அனுப்புறன்."

சொன்னபடியே அனுப்பினாள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பேயோட்டுகிற கட்டாடியார் ஓதிக் கொடுத்த நூல், இவற்றின் நடுவில் பழைய துணியில் சுற்றிய ஒரு பாக்குவெட்டி. சிரித்துக்கொண்டே அதைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் இரவு பாக்குவெட்டியோடு சேர்ந்து துள்ளி எழும்பினேன்.

பிறகுதான் டொக்டரிடம் போனேன். நல்ல மனிதர், இளம் வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் எந்த நாட்டுக்காரன் என்று கணினியில் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "போர்," என்றார் மெதுவாக. நானும் தலையாட்டினேன். எங்களுக்கு வருகிற எந்த வருத்தத்துக்கும் போரைக் காரணமாகச் சொன்னால் மறுக்க மனம் வராது. எட்டு மாதம் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு கேட்க, சுற்றிவளைப்பு, காம்ப், ஓடிய ஓட்டம் எல்லாம் சொன்னேன். எல்லாம் நடந்தவை. சொல்லச் சொல்லப் பாரம் குறைந்ததும் உண்மை. மூச்சு மட்டும் வழமைபோல நின்றுகொண்டே இருந்தது. போர் எங்களுக்குச் செய்த அநியாயம் கொஞ்சமல்ல, ஆனால் இது அதன் வேலை இல்லை.

கடைசியில் ஒரு நாள் வேலையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரி நான் மூச்சுவிடவில்லை என்று கத்தியதில் ஆஸ்பத்திரி வரை போனது. ஓர் இரவு அங்கே படுக்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். வயர் ஒட்ட வந்த பெண்ணின் பெயர் இங்கெர். தலையணையைச் சரிசெய்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே பாக்குவெட்டி. பழக்கதோஷத்தில் பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

இது என்ன என்று கேட்டாள். பேயை அவளுக்கு விளங்கப்படுத்துகிற அளவுக்கு என்னிடம் நோர்வேஜிய மொழி இல்லை. கொட்டை வெட்டுகிற சாமான் என்றேன். அவள் முகத்தில் பயம் போய் இரக்கம் வந்தது. "இரவில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. காலை ஏழு மணிக்குப் பாண் தருவோம்," என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பாக்குவெட்டியைப் பக்கத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். பசி தாங்காத மனிதன் என்று என் பைலில் எழுதியிருப்பாளோ தெரியாது.

மணிக்கு முப்பத்தெட்டுத் தரம் என் மூச்சு நின்றிருந்தது. டொக்டர் ஒரு தாளில் தலையின் படத்தைக் கீறிக் காட்டினார். எனக்குத் தாடை சின்னதாம். படுத்ததும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறதாம், மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறதாம். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. அம்மாவின் வீடு அக்காவுக்குப் போனதில் எனக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது எது என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் தாடை. மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மெசின் தந்தார்கள். காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் வாரமே நாலு வருட நித்திரையையும் சேர்த்துத் தூங்கினேன்.

அந்தத் தாடை அக்காவுக்கும் இருக்கிறது என்பது எனக்குத் தோன்ற இன்னும் மூன்று மாதம் எடுத்தது. வெட்கக்கேடுதான். அன்று காலை இடைவேளையில் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தோம். அங்கே மத்தியானம், சரியான வெக்கை. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்திவைத்துவிட்டு அக்கா பாயில் சரிந்திருந்தாள். வயல் வட்டையில் தண்ணீர் இல்லாத கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நித்திரையாகிவிட்டாள். போனை வைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை ஏறியது, ஏறி, நின்றது. நெஞ்சு எழும்பவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பத்து, இருபது, முப்பது. "அக்கா! அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாற்பதுக்குக் கிட்ட அவள் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு துடித்து எழும்பினாள். கண்ணில் அந்தப் பயம். எனக்குத் தெரிந்த அதே பயம். ஆனால் அவள் போனைப் பார்க்கவில்லை. தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகம் அமைதியாகிவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்டுமில்ல. அத்தான் வந்து எழுப்பினவர்."

அத்தான், அவளுடைய கணவர், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார். வட்டையில் காவலுக்குப் படுத்துப் படுத்து, காற்றசைந்தாலும் விழிக்கிற மனிதர். அக்காவின் மூச்சு நிற்பதை முப்பது வருடமும் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் இடது தோளில் தட்டி, "மூச்ச அடக்காத புள்ள, விடு" என்பாராம். அக்கா அதை எனக்குச் சொன்னபோது ஏதோ செல்லக் கதை சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர் போன பிறகும் தோளில் அந்தக் கை வருகிறதாம், ஆளில்லாத வீட்டில் பயந்து எழும்பினாலும் அந்தக் கை இருப்பதால் பயம் தெளிந்துவிடுகிறதாம். மகள் வெல்லாவெளியில் படிப்பிக்கிறாள், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் அக்காவுக்கு அத்தான்தான் துணை.

லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மட்டக்களப்பில் டொக்டரிடம் காட்டி, சோதனை செய்து, எனக்கிருப்பதைவிட அவளுக்கு மோசம் என்று தெரிந்துகொண்டு, ஒரு மெசினையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இப்படியே விட்டால் இதயம் ஒரு நாள் களைத்து நின்றுவிடும் என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அக்கா மறுப்பாள் என்று தெரியும். கரண்ட் போனால் என்ன செய்வது, அயலட்டைச் சனம் சிரித்தால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டுதான் மெசினை விரித்துக் காட்டினேன். அவள் அதையொன்றும் கேட்கவில்லை.

"இத மாட்டினா முழிப்பே வராது எண்டுதானே சொல்லுறாய்?"

"ஓம் அக்கா. விடியுமட்டும் நிம்மதியா நித்திர கொள்ளலாம்."

"முழிப்பு வராட்டி அவர் வாற எனக்கு எப்பிடித் தெரியும்?"

பதில் இல்லாதவன் செய்வதைத்தான் செய்தேன், கோபப்பட்டேன். "அத்தான் செத்து ரெண்டு வருசமாச்சு. வாற அவரில்ல. உங்கட தொண்ட அடைக்கிது, அவ்வளவுதான்!" அக்கா அழவில்லை. எழும்பிப்போய் உலையில் அரிசியைப் போட்டாள். இரவு எனக்குச் சோறு போட்டுத் தந்தாள். வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்பட்ட சாப்பாடு அதுதான். அவளுக்கு மிச்சமிருந்த மனிதரையும் பறிக்க நான் இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கிறேன்.

விடிந்ததும் தேத்தண்ணியோடு வந்து அவளே சமாதானம் பேசினாள்.

"எல்லா நாளும் போடுறன். வியாழக்கிழம மட்டும் கேக்காத."

"ஒரு நாளும் விடப்படாது எண்டு டொக்டர் சொன்னவரக்கா."

"டொக்டர்ட மனிசி உசிரோடதானே இரிக்கா."

போனைத் தலைமாட்டில் எரியவிட்டுப் படுக்க வேண்டும், நான் நோர்வேயில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தாள்.

அப்படித்தான் என் வியாழக்கிழமைகள் மாறின. அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே பின்னேரம் ஆறு. வேலை முடிந்து வந்து, போனைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்திவிட்டு, அக்கா படுப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அவள் அறையில் சின்ன பல்ப் வெளிச்சம், என் யன்னலில் பட்டப்பகல். அயல் வீட்டுக்காரன் புல்லு வெட்டுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று என் பக்க மைக்கை அடைத்துவைப்பேன். மூச்சு நின்றதும் எண்ணுவேன். இருபத்தைந்தில் மைக்கைத் திறந்து "அக்கா" என்பேன். இங்கே ஒரு மணியாகும்போது அங்கே கோழி கூவிவிடும். நான் என் மெசினை மாட்டிக்கொண்டு படுப்பேன். வெள்ளிக்கிழமை எனக்கு மத்தியான வேலை.

முதல் நாலைந்து வாரமும் நான் கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் அக்கா திடுக்கிட்டு எழும்பி, போனைப் பார்த்து, "நீயாடா?" என்பாள். மூச்சு வந்துவிடும். ஆனால் மறுநாள் அவள் குரலில் உயிர் இருக்காது. "நேத்தும் அவர் வரயில்ல. நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெடுத்துப் போட்டாய்," என்றாள் ஒரு தரம். கூப்பிடாமல் இருக்க எனக்குத் துணிவில்லை. கூப்பிட்டால் அவளுக்கு இருந்த ஒரே நாளும் இல்லை.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. இருபத்தைந்தில் கூப்பிட மனம் வராமல் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. மைக்கைத் திறந்தேன். அக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"மூச்ச அடக்காத புள்ள. விடு."

என் அக்காவை நான் புள்ள என்று கூப்பிட்டதில்லை, கூப்பிடவும் கூடாது. அது அத்தானின் சொல். திரையில் அக்கா நீளமாக மூச்சை விட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. வலது கை வந்து இடது தோளில் ஒரு கணம் இருந்தது, பிறகு சுவர்ப்பக்கம் கிறுகிப் படுத்தாள். அன்று விடியும்வரை மூச்சு நின்றபோதெல்லாம் அதையே சொன்னேன்; அவள் ஒரு தரமும் திடுக்கிட்டு எழும்பவில்லை. நான்தான் படுக்கவில்லை. அத்தானுக்கும் அக்காவுக்கும் நடுவில் களவாக நுழைந்துவிட்டேன், காலையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ராத்திரி அவர் வந்தவர்டா தம்பி."

"அப்பிடியா அக்கா."

"குரல்தான் கொஞ்சம் வேற மாதிரி. தடிமன் புடிச்சி மூக்கடைச்ச ஆள்போல."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "இஞ்ச இன்னும் குளிர்தானேயக்கா," என்று வந்துவிட்டது.

அந்தப் பக்கம் முற்றத்துக் காகங்கள் கேட்டன. பிறகு அக்கா சொன்னாள்.

"அப்ப, வாற வியாழக்கிழம நல்லாப் போத்திக்கொண்டு இரிக்கச் சொல்லு அவர."