மற்றப் பக்கம் பார்த்த அகரம்

ஒஸ்லோ நூலகம் ஒன்றில், ஏழெட்டு நோர்வேஜிய முதியவர்களுக்கு நடுவில் வைத்து ஒரு பெண் என்னைப் படுக்கச் சொன்னாள். என் காதில் அப்படித்தான் விழுந்தது. "எனக்குக் களைப்பில்லை" என்று அவளுடைய மொழியிலேயே மரியாதையாகப் பதில் சொன்னேன். கணினி வகுப்பு ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தது. அவள் சொன்னது 'லொக்கே'. கணினிக்குள் நுழையச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டது 'லெக்கே'. அதற்குப் படுப்பது என்று பொருள். ஓர் உயிரெழுத்துப் பிசகினால் பொருளே மாறிவிடும் என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான். பக்கத்திலிருந்த கிழவர் என் கையில் தட்டி, தனக்கும் படுக்கத்தான் விருப்பம் என்றார்.

ஐம்பது வயதில் நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் மதுரா. ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருந்த பிள்ளை; சனிக்கிழமைகளில் நான் படிப்பிக்கும் தமிழ் வகுப்பில் முன்வரிசைக்காரி. அவளுக்கு ஏழு வயதானபோது தகப்பனுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பம் நாட்டின் வடகோடிக்குப் போனது. அந்த ஊரில் வேறு தமிழர் இல்லை. இரண்டு குளிர்காலம் கழித்து அவளுடைய தாய் சுகந்தி தொலைபேசியில் அழுதாள்.

"ரீச்சர், இவள் என்னோடை தமிழிலை கதைக்கிறதை விட்டிட்டாள். அவள் கதைக்கிற நொஷ்க் பாசை எனக்கு விளங்குதில்லை. ஒரு வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு கையாலை காட்டுறம். நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ."

தொலைபேசியில் மதுரா "ஹை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாயிடம் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தால் கதைப்பாள் என்று நினைத்தேன். அதற்குக் கணினியும் கேமராவும் வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில் என் கருவி ஒரு வெண்கட்டி. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதும் எந்த வாங்கில் யார் குசுகுசுக்கிறார்கள் என்று என் முதுகுக்குத் தெரியும். இடம்பெயர்ந்திருந்தபோது கரும்பலகை இல்லாமல் மண்ணில் குச்சியால் எழுதியும் சமாளித்தேன். நூலகத்திலோ, வகுப்பில் சொன்னதையெல்லாம் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன்: பச்சை அடையாளத்தை அழுத்து. கேமராவைப் பார். பயப்படாதே.

காணொளி அழைப்பின் முதல் மூன்று ஞாயிறும் திரையில் மதுராவின் நெற்றி மட்டுமே வந்தது. எதைக் கேட்டாலும் "வெட் இக்கே". தெரியாது என்று அர்த்தம். அதுவும் நோர்வேஜிய மொழியில். நாலாம் வாரத்துக்கு எழுத்தட்டைகள் செய்தேன். ஒத்திகைக்கு 'அ' அட்டையைக் கேமராவுக்கு முன் பிடித்தால், திரை மூலையில் என்னைக் காட்டிய சிறு கட்டத்தில் அது இடம் வலம் மாறித் தெரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் தெரியும் என்று பயந்து, குளியலறைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு உயிரெழுத்தையும் இடம் வலம் மாற்றித் திருப்பி எழுதினேன். எட்டிப் பார்த்த என் கணவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறன்று முதல் அட்டையை உயர்த்தினேன். நெற்றி அசைந்தது. கண்கள் வந்தன, மூக்கு வந்தது, முழு முகமும் வந்தது. முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"ரீச்சர், உங்கடை அ மற்றப் பக்கம் பாக்குது!"

"இல்லையே, எனக்குச் சரியாத்தானே தெரியுது."

"அது உங்களுக்கு மட்டும்தான், கண்ணாடி மாதிரி. எனக்குப் பிழையாத் தெரியுது." பிறகு கதிரையில் ஏறி நின்று கத்தினாள்: "அம்மா, ஓடி வாங்கோ! ரீச்சர் எல்லாத்தையும் பிழையா எழுதிப்போட்டா!"

சுகந்தி ஈரக்கையோடு ஓடிவந்தாள். என் அட்டையை அவள் பார்க்கவே இல்லை. மகளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு வாராவாரம் சில பிழைகளோடு போனேன். பாதி வேண்டுமென்றே செய்தவை, பாதி கணினியில் உண்மையாகவே வந்தவை. ரீச்சரைத் திருத்துவது அவளுக்குப் பெருமையாகிவிட்டது. குரலைப் பதிந்து அனுப்புவது எப்படி என்று நான் நூலகத்தில் படித்துவந்து சொன்னேன். அவள் தமிழ்ப் பாடங்களை வாசித்து அனுப்பினாள். தெரியாத சொற்களைக் கேட்க, சமைத்துக்கொண்டிருந்த தாயிடம் குசினிக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்ட நாட்களும் உண்டு.

மார்கழியில் ஒரு ஞாயிறு, மதியம். அழைப்பு இணைந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. அதன் பின்னாலிருந்த ஜன்னலில் நீலம் பாய்ந்த இருட்டு; அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் வருவதில்லை. எங்கிருந்தோ குரல்கள் மட்டும் வந்தன.

"ஜக்கெற்றைப் போடு எண்டால் போடு!"

"அது சின்னன் அம்மா! கை மூடுதில்லை!"

"போன வருசம்தானே வாங்கினது?"

"போன வருசம் நான் சின்னப்பிள்ளை!"

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு இது ஒரு சாதாரணச் சண்டை. நான் கூப்பிடவில்லை. கணினியோடு இணைத்திருந்த காதுக்கருவியின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினேன். என் ஜன்னலுக்குக் கீழே முற்றத்து மெல்லிய வெயிலில் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் கத்திக்கொண்டு பனியில் சறுக்கினார்கள். மற்றக் காதில், விடியாத ஓர் ஊரிலிருந்து ஒரு தாயும் மகளும் தமிழில் சண்டை பிடித்தார்கள். எந்தக் காதையும் மூட மனம் வராமல் அப்படியே இருந்தேன்.